மூன்றாவது சுற்றுக்கும் நான்காவது சுற்றுக்கும் நடுவில்

இன்றோடு 19 நாள். வேலைக்கான நேர்காணலில் மூன்றாவது சுற்று முடிந்ததும் அந்த நிறுவனத்தின் எச்.ஆர். சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "அடுத்த வெள்ளிக்குள் சொல்லிவிடுகிறோம், ஒரு சுற்றுதான் பாக்கி." அந்த வெள்ளி போய், அதற்கடுத்ததும் போய்விட்டது. ஒரு வரி வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதுதான்: அவர்களுக்குத் தேவைப்பட்டபோது எவ்வளவு அவசரம்! இரண்டாவது சுற்றுக்கு மாலை 6 மணிக்கு போன் செய்து, "நாளை காலை 10 மணிக்கு வர முடியுமா?" என்றார்கள். இருக்கிற வேலையில் பொய் சொல்லி லீவு போட்டேன். 48 மணி நேரத்தில் முடிக்கச் சொல்லி ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். சனி, ஞாயிறு இரண்டையும் அதில் தொலைத்து, இரண்டு மணி நேரம் முன்னதாகவே அனுப்பினேன். அதை யாராவது திறந்தாவது பார்த்தார்களா? தெரியாது.

பதினோராம் நாள் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தேன். நான்கே வரி. அதற்கு முக்கால் மணி நேரம். "நினைவூட்டுகிறேன்" என்றால் குத்திக்காட்டுவது போல இருக்குமோ என்று அழித்தேன். "ஆவலாக இருக்கிறேன்" என்றால் கெஞ்சுவது போல இருந்தது, அதையும் அழித்தேன். கேட்டால் பொறுமையில்லாதவர், கேட்காவிட்டால் ஆர்வமில்லாதவர். கடைசியில் நேர்காணல் நடந்த தேதி, அவர்கள் சொன்ன தேதி, "இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" என்ற கேள்வி, நன்றி. அவ்வளவுதான் அனுப்பினேன். அன்றிலிருந்து ஸ்பேம் ஃபோல்டரைக்கூட ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து பார்க்கிறேன். தெரியாத நம்பர் எது அடித்தாலும் மீட்டிங்கை விட்டு வெளியே ஓடுகிறேன். எடுத்தால் கிரெடிட் கார்டு வேண்டுமா என்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஆள் இல்லை நான். நானும் ஆள் எடுத்திருக்கிறேன். பட்ஜெட் ஒப்புதல் நிற்கும். மேனேஜர் லீவில் போவார். நேர்காணல் எடுத்தவர்களில் ஒருவர் கருத்தை எழுதாமலே இழுப்பார். இல்லையென்றால் முதலிடத்தில் இருப்பவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அவர் கையெழுத்துப் போடும்வரை இரண்டாமவரைச் சும்மா பிடித்து வைத்திருப்பார்கள். இதில் எதுவாக இருந்தாலும் சரி, "இன்னும் முடிவாகவில்லை, ஒரு வாரம் ஆகும்" என்று எழுத அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் இல்லை என்று சொல்லாதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கு வலிக்கும், மறுநாள் வேறு இடத்துக்கு விண்ணப்பிப்பேன். பதிலே சொல்லாமல் விட்டால் எதையும் தொடங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அவர்களுடைய தளத்தில் உள்ளே போய்ப் பார்த்தால் என் பெயருக்கு நேராக 'பரிசீலனையில்' என்று மட்டும் இருக்கிறது. விண்ணப்பித்த அன்றும் அதேதான். மூன்று சுற்று முடிந்த பிறகும் அதேதான். ஒரு நாள் அது மாறும், நடு இரவில் 'பதில் அனுப்ப வேண்டாம்' முகவரியிலிருந்து ஒரு மெயில் வரும். மூன்று முறை முகம் பார்த்துப் பேசியவர்களுக்கு எழுதுகிற முறையா இது?

நல்லவேளை, இவர்களை நம்பி மற்ற நேர்காணல்களை நிறுத்தவில்லை. இன்னொரு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதையும் குறிப்பிட்டு நேற்று காலை இவர்களுக்கு எழுதினேன், மதியம் போனும் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. எனக்குப் பிடித்த வேலை இவர்களுடையதுதான். சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் வந்திருப்பேன். நாளை அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.