65 வயசு வரை வேலை பாத்தா 18 மாசத்துல போயிடுவோமா?

ஃபேமிலி குரூப்ல மறுபடியும் அந்த போயிங் டேபிள் சுத்துது, அதாவது விமானம் செய்யுற போயிங் கம்பெனி ஊழியர்கள் எந்த வயசுல ரிட்டயர் ஆனா எந்த வயசு வரை இருப்பாங்கன்னு சொல்ற டேபிள், 49.9 வயசுல ரிட்டயர் ஆனா 86 வரை இருப்பாங்களாம், 65.2ல ஆனா 66.8ல கதை முடிஞ்சிடுமாம். புள்ளி வச்சு நம்பர் போட்டா உடனே நம்பிடுறோம் பாருங்க! கீழ "அப்பாவ இன்னைக்கே விஆர்எஸ் குடுக்கச் சொல்லுங்க"ன்னு அழுற ஸ்மைலி வேற.

இது பொய்ங்க. ரிட்டயர் ஆகுற வயசுக்கும் ஆயுளுக்கும் அப்படி ஒரு தொடர்பே இல்லன்னு போயிங் கம்பெனியே எப்பவோ மறுத்தாச்சு. ஷெல் ஆயில் ஊழியர்கள வச்சு 2005ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, நெட்ல தேடினா கிடைக்கும், அதுல 55லயே ரிட்டயர் ஆனவங்கள்ல தான் சாவு விகிதம் அதிகம், ஆனா உடம்பு முடியாம சீக்கிரம் நின்னவங்களும் அதுல இருப்பாங்க, அதனால அதையும் தலைகீழா ஃபார்வேர்டு பண்ணிடாதீங்க.

வயசானவங்க எல்லாரும் வேலைல நொந்து போய் கெடக்காங்கன்னு நினைக்கிறதும் சரியில்ல. பிரிட்டன்ல 1996ல வந்த ஆய்வுல, வேலைல திருப்தி முப்பது வயசு வாக்குல தான் அடிமட்டம், அப்புறம் ஏறிட்டே போகுது.

விஆர்எஸ் வேணுமா வேணாமான்னு பென்ஷன், கடன், உடம்பு பாத்து அப்பாவே முடிவு பண்ணட்டும், இந்த டேபிள மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீங்க ப்ளீஸ்.