இழுக்கிற நாய்க்கு இறுக்குச் சங்கிலி வேண்டாம்

கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்கு, இழுக்க இழுக்கக் கழுத்தை நெரிக்கும் இறுக்குச் சங்கிலியை மாட்டினால் சீக்கிரம் அடங்கிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அடங்கும்தான், ஆனால் வலிக்குப் பயந்து அடங்கும். கழுத்தில்தான் மூச்சுக்குழாய் இருக்கிறது. என் நாய்க்கும் முதலில் அதைத்தான் போட்டேன். நடக்கப் போகும்போதெல்லாம் கரகரவென்று இருமுவான். சளி என்றே நினைத்திருந்தேன், மருத்துவர்தான் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்.

அப்புறம் மார்புப் பட்டைக்கு மாறினோம். அதிலும் அளவு பார்த்து வாங்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், தோள்மூட்டை மறிக்கக் கூடாது. முன்னங்கால் அக்குளில் பட்டை உரசினால் முடி கொட்டித் தோல் சிவந்துவிடும். அந்த இடத்தை அடிக்கடி முடி விலக்கிப் பாருங்கள். வளரும் குட்டி என்றால் இன்னும் கவனம் தேவை.

வாய்மூடி போடுவதாக இருந்தால் கூடை வடிவம்தான் சரி. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கிறது. இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையோடு வெயிலில் நடக்க வைப்பது ஆபத்து. மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டையான ஷாக் காலரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பிரிட்டனின் வேல்ஸில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது தீனிப் பைதான். கயிறு தளர்ந்த அந்த நொடியில் ஒரு சின்னத் துண்டு கொடுப்பேன், இழுத்தால் அப்படியே நின்றுவிடுவேன். சில வாரம் பிடித்தது. இப்போது கயிறு தொங்கத் தொங்க, என் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறான்.