கையெழுத்து யார் போடுவது?

ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தின் சியாங் மாய் ஊரில் மலிவாகக் கழிக்கலாம் என்று ஒரு தம்பி போட்டு, நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்த வீடியோவை நானும் பார்த்தேன். போவதற்கு முன் யோசியுங்கள் என்று அதன் கீழே இரண்டு வரி எழுதினேன். "ஆன்ட்டிக்கு வயித்தெரிச்சல்" என்று ஒரு பதில், அதற்கு எழுபது பேர் சிரிப்பு. சரி, விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வாடகை குறைவு, பழங்கள் மலிவு, ஜனங்கள் தங்கமானவர்கள். எல்லாம் உண்மை. அதை நம்பித்தான் நானும் என் கணவரும் போய் மூன்று வருஷம் இருந்தோம். ஆனால் வயதான காலத்தில் தெரியாத ஊருக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது வாடகையை அல்ல. ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவர் கையெழுத்து அங்கே செல்லுமா?

"50 வயது ஆனால் போதும், விசா சுலபம்" என்கிறார் அந்தத் தம்பி. அங்கே வங்கியில் 8 லட்சம் பாட் போட்டுக் காட்டவேண்டும், விசாவைப் புதுப்பித்து மூன்று மாதம் கழிந்த பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதைச் சொல்லவில்லை. அந்த 8 லட்சம் பாட் நம் ரூபாயில் இருபது லட்சத்துக்கு மேல். எங்கள் பணம் என் கணவர் ஒருவர் பெயரில் இருந்தது. நான் அவரைச் சார்ந்தவள் என்ற விசாவில் இருந்தேன்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீயும் வயல் எரிப்பும் சேர்ந்து, மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில் புகை அப்படியே தங்கிவிடும். வீட்டு வாசலிலிருந்து தினமும் தெரிகிற தோய் சுத்தேப் மலை மார்ச்சில் காணாமல் போய்விடும். அவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. அப்படி ஒரு மார்ச் ராத்திரியில்தான் மூச்சு முட்டியது. அந்த ஊர் ஆம்புலன்ஸ் எண் 1669-ஐக் கூப்பிட்டேன். எங்கள் சந்தின் பெயரை நான் சொன்ன விதம் அந்தப் பக்கம் புரியவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து, போனை என் கையிலிருந்து வாங்கிச் சொன்னார்.

மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். வங்கியில் பணம் இருந்தது. எடுக்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் தீவிர சிகிச்சையில் இருந்தார். விசாவுக்காக ஒவ்வொரு நகலிலும் நீல மையில் அத்தனை கையெழுத்துப் போட்ட மனுஷர், அன்றைக்குப் பேனா பிடிக்கும் நிலையில் இல்லை. மகன் பணம் அனுப்பிய பிறகுதான் கட்டினேன்.

ஐந்தாம் நாள் போய்விட்டார்.

"ஊரில் இருந்தால் சாவு வராதா?" என்று கேட்பீர்கள். வரும். ஆனால் திருச்சியில் என்றால் என் தம்பி பத்து நிமிஷத்தில் வந்து நின்றிருப்பான். எனக்குப் புரிகிற மொழியில் டாக்டர் பேசியிருப்பார். அங்கே கணக்கு முடங்கியது, நீதிமன்றம் என்னை நிர்வாகியாக நியமிக்கும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. அவரோடு என் விசாவின் ஆதாரமும் போயிற்று. துக்கத்தோடு துக்கமாகக் குடிவரவு அலுவலக வரிசையில் நின்றேன்.

"பிள்ளைகள் எப்படியும் அமெரிக்காவில்தானே" என்பவர்களோடு எனக்கு வாதமில்லை. போங்கள். ஆனால் போவதற்கு முன் அந்த நாட்டிலேயே ஓர் உயில் எழுதுங்கள். மனைவி பெயரில் தனியாக ஒரு கணக்கு திறந்து, ஆறு மாதச் செலவுக்காவது பணம் போடுங்கள். வயது ஏற ஏற மருத்துவக் காப்பீடு கிடைப்பது கஷ்டம், அதை இப்போதே எடுங்கள். முகவரியைத் தாய்லாந்து எழுத்தில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். இதையெல்லாம் யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் நான் வயித்தெரிச்சல் ஆன்ட்டி ஆகியிருக்கமாட்டேன்.

அந்தத் தம்பிக்குத் தனியாகவும் இதை எழுதினேன், அந்த வீடியோவில் ஒரு வரியாவது சேர்க்கச் சொல்லி. கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.