மதினியின் ஹெச்-இண்டெக்ஸ்

ரெண்டு நாளாக மனசு ஆறவில்லை, எழுதிவிடுகிறேன். எங்க மதினி உணவு அறிவியலில் இருபது வருசத்துக்கு மேலாக ஆராய்ச்சி செய்கிறவர். போன வாரம் பதவி உயர்வு நேர்காணலுக்குப் போனார். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. உள்ளே இருந்தது மொத்தம் பத்து நிமிசம். முதல் கேள்வியே, "உங்க ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு மேடம்?" ஒன்பது என்றிருக்கிறார். அதுக்கப்புறம் அவர் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹெச்-இண்டெக்ஸ் 9 என்றால், எழுதிய கட்டுரைகளில் 9 கட்டுரைகளில் ஒவ்வொன்றையும் மற்ற ஆராய்ச்சியாளர்கள் 9 முறையாவது மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹிர்ஷ் என்கிற இயற்பியலாளர் 2005-இல் ஒரு கட்டுரையில் கொண்டுவந்த கணக்கு. ஒருவருடைய பலவகைப்பட்ட வேலையை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் எழுதியிருக்கிறார். அதைத் தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மதினி வேலை செய்வது கருப்பட்டியில். மழை பிடித்தால் கருப்பட்டி இளகும், பரணில் புகைபட வைத்திருந்தாலும் சில வட்டுகள் கசிந்து ஒழுகும், வியாபாரி அதைக் காட்டியே விலையை அடித்துவிடுவார். ஏன் இளகுகிறது? பயினி என்று எங்க பக்கம் சொல்கிற பதநீரில் இருக்கிற இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், கடையில் வாங்குகிற சீனியும் அதுதான். பனையில் கட்டுகிற கலயத்தில் சுண்ணாம்புப் பூச்சு குறைந்தால் பயினி புளிக்கத் தொடங்கிவிடும், புளிப்பேறியதைத் தாச்சியில் காய்ச்சும்போது சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸ், ஃபுருக்டோஸ் ஆகிவிடும். இந்த ஃபுருக்டோஸ் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசியில் வட்டு வியர்ப்பது அதனால்தான். சரி, சுண்ணாம்பை அள்ளிப் பூசிவிடலாமே என்றால் நிறம் கறுத்துப்போகும், ருசியும் கெடும்.

அந்த அளவைப் பிடிக்கத்தான் மதினி திசையன்விளைப் பக்கம், கருப்பட்டி காய்ச்சுகிற குடிசைகளான விடிலிகளில் ஒவ்வொன்றாக அலைந்தார். விடிவதற்கு முன்னால் பனையடியில் போய் நிற்பார், இறக்கின கலயத்தில் உடனே புளிப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற மாதமும் அதேதான், அண்ணன்தான் சமையல். வருசத்துக்கு ஒரு பருவம், அதில் எதாவது தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருக்கணும். ஆனால் ஆராய்ச்சிப் பத்திரிகைகளை எடைபோடுகிற இம்பாக்ட் ஃபாக்டர் என்கிற எண்ணைக் கணக்குப் பார்ப்பதே முந்தைய 2 வருசத்துக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோளை வைத்துத்தான். பனை அந்த வேகத்துக்கு வராது. மேற்கோள் என்பதே வீண் என்று நான் சொல்லவில்லை, மற்றவர்களுக்கு ஒரு கட்டுரை உதவியதற்கு அது அடையாளம். ஆனால் கருப்பட்டியில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆளே இல்லாத துறையில் மேற்கோள் எங்கிருந்து வரும்?

கருப்பட்டியின் நிறத்துக்கும் மணத்துக்கும் பெரிய காரணம் மெயிலார்டு வினை. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை மெயிலார்டு என்கிற பிரெஞ்சுக்காரர் 1912-இல் எழுதினார். உணவுத் துறையில் ரொம்ப காலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1936-இல் அவர் இறந்தும் போனார். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு அனுப்பிய உலர் உணவெல்லாம் பழுப்பாகி ருசி கெட்டபோதுதான் இது என்னவென்று தேடினார்கள். 1953-இல் அமெரிக்காவில் ஜான் ஹாட்ஜ் அந்த வினையைப் படிப்படியாக விளக்கி எழுதினார். இன்றைக்கு மெயிலார்டு பெயர் இல்லாமல் உணவு வேதியியல் பாடம் கிடையாது. அவர் உயிரோடு இருந்தபோது இந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டுபிடித்தது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் யாரும் மேற்கோள் காட்டப்போவதில்லை.

மதினி தமிழில் 12 பக்கத்துக்கு ஒரு கையேடு போட்டிருக்கிறார். பூச்சு எவ்வளவு வேணும், புளிப்பைக் காட்டுகிற பிஎச் தாளில் எந்த நிறம் வந்தால் அந்தப் பயினியைக் காய்ச்சலாம், பயினி சுண்டிக் கெட்டியாகி வருகிற கூப்பனிப் பதத்தை எப்படிப் பார்க்கணும் என்று எல்லாம் படத்தோடு. விடிலியில் காய்ச்சுகிற பெண்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்தச் சொன்ன இடத்தையெல்லாம் திருத்தி அச்சடித்தது. கூப்பனி என்கிற வார்த்தையே அவர்கள் சொல்லித்தான் உள்ளே வந்தது. அந்தக் கையேட்டுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூட இல்லை. "இதர" என்ற இடத்தில் எழுதியிருந்தார், அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவே இல்லையாம்.

நேற்று ராத்திரி கேட்டேன், "மதினி, அடுத்த தடவையும் போவீங்களா?" "போகாம என்ன தம்பி, ஆனா இந்தத் தடவை கையேட்டை முதல் பக்கத்துல வைக்கப்போறேன்" என்றார். உங்களில் யாராவது இப்படிப்பட்ட தேர்வுக் குழுவில் உட்காருகிறவராக இருந்தால், அந்த 12 பக்கத்தைத் தயவுசெய்து வாசித்துவிட்டு அப்புறம் எண்ணைக் கேளுங்கள்.