வளையலைக் கழற்றும் இடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு வந்தால், ட்ரில் பிட் ஸ்டாண்டில் கண்ணாடி வளையல்கள் தொங்குவதைப் பார்க்கலாம். கார்பைட் இன்சர்ட் என்கிற வெட்டுமுனை வருகிற குட்டிப் பெட்டி ஒன்றில் என் ஜிமிக்கி இருக்கும். இரும்பைக் கடையும் லேத் ஓடும் பக்கம் போவதற்கு முன்னால் இரண்டையும் கழற்றிவிடுவேன். துப்பட்டா நாற்காலியிலேயே கிடக்கும். பின்னல் கொண்டையாகித் தொப்பிக்குள் போய்விடும். லேத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும் சக்குக்கு ஆணா பெண்ணா என்ற கவலை கிடையாது. தொங்குகிற எதையும் இழுத்துக்கொள்ளும். பையன்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் சாமிக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, அவர்களுடைய அம்மாக்களிடம் திட்டு வாங்கியவள் நான்.

வெளியே வந்ததும் எல்லாம் பழையபடி ஏறிவிடும். பூவும் உண்டு. தெருமுனையில் கட்டி விற்கும் அம்மாவிடம் தினமும் ஒரு முழம் மல்லி. முகூர்த்த நாள் விலை என்றால் அரை முழம்.

முன்பு இப்படி இல்லை. 2009-இல் அப்பா போனபின் பட்டறை என் கைக்கு வந்தது. வந்த வாரமே முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் வாங்கினேன். பொட்டு சுருங்கிச் சுருங்கிக் கடுகளவாயிற்று. தொலைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினேன். கெட்ட வார்த்தை இரண்டு கற்றுக்கொண்டு, தப்பான இடத்தில் சொல்லிவிட்டேன். பழைய ஆப்பரேட்டர் அண்ணன் சிரிப்பை அடக்க மெஷினுக்குப் பின்னால் போனார். இவ்வளவு பாடுபட்டும் வாசலில் வந்து நிற்பவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: "சார் இல்லையா?"

இந்திரா நூயி நம் சென்னைக்காரர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, வேலைக்கான நேர்காணலுக்கு அளவு பொருந்தாத சூட் போட்டுக்கொண்டு போய்க் கூசி நின்றதை அவரே சொல்லியிருக்கிறார். ஆலோசகர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அடுத்த நேர்காணலுக்குப் புடவையில் போனார், வேலையும் கிடைத்தது. புடவைதான் வேலை வாங்கித் தந்தது என்று நான் நினைக்கவில்லை. உடம்பில் ஒட்டாத துணிக்குள் நின்றுகொண்டு தெரிந்த பதிலைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். என் முழுக்கைச் சட்டைகள் மெஷின் துடைக்கும் துணியாகி வெகுகாலம் ஆகிறது.

ஒரு மே மாதம். 25 மில்லிமீட்டர் துளை உள்ள புஷ் என்கிற இரும்பு வளையம், நானூறு. அளவுக்கு மேல் 21 மைக்ரான் வரை போகலாம், கீழே ஒரு மைக்ரான்கூடக் குறையக் கூடாது. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்தமும் துளை பெரிது என்று வாடிக்கையாளர் திருப்பப் போவதாகத் தகவல் வந்தது. அன்று கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டு நேரே அங்கே போனேன். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. தர ஆய்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, இது மைக்ரான் விஷயம். உங்கள் சூப்பர்வைசரை அனுப்புங்களேன்."

பெட்டி எங்கே இருந்தது என்று கேட்டேன். காலையிலிருந்து இறக்குமிடத்தில், வெயிலில். கையில் எடுத்தால் சுட்டது. இரும்பு சூடானால் துளையும் சேர்ந்து விரியும். குளிரூட்டிய அளவை அறைக்கும் அந்த வெயிலுக்கும் இருபத்தைந்து டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், இந்த அளவுத் துளைக்கு ஏழு மைக்ரான் வரும். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. "இரண்டு மணி நேரம் உள்ளே வையுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதன்பிறகு அளந்தார்கள். நானூறும் தேறியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, காப்பி வரவழைத்தார். அடுத்த முறை பாகத்தின் வரைபடத்தில் சந்தேகம் வந்தபோது என் எண்ணுக்கே அழைத்தார்.

இதைச் சொன்னால் உடனே சிலர் கை தட்ட வந்துவிடுவார்கள். அவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மார்ச் எட்டாம் தேதி மேடையேற்றி, பெண்மை என்றால் பொறுமை, தாய்மை, விட்டுக்கொடுத்தல் என்று பொன்னாடை போர்த்துகிறவர்கள். எனக்குப் பொறுமை குறைவு. பூ வைத்துக்கொள்வது பிடிக்கும், ஜிமிக்கி ஆடுவது பிடிக்கும், ஆப்பரேட்டரின் மகள் பெரியவளானதற்குச் சீர் எடுத்துப் போவது பிடிக்கும். இதற்கும் பில் தொகையை விட்டுக்கொடுப்பதற்கும் என்ன உறவு?

போன ஆண்டு ஒருவர் 110 நாளாகப் பணம் தரவில்லை. கேட்டால், "நீங்கள் பொறுமையானவர் என்றுதானே மேடம் உங்களுக்குக் கடைசியில் வைத்தோம்" என்றார், பாராட்டுகிற தொனியில். எங்களைப் போன்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டி. அன்று மாலையே வளையலைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வட்டிக் கணக்கைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். ஆறாம் நாள் அசல் வந்துவிட்டது.

வட்டி இன்னும் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் அழைத்துக்கொண்டிருக்கிறேன்.