திப்புவை நேரில் பார்த்தா வரைந்தார் அன்னா டோனெல்லி?

“வேலூர் கோட்டையில் திப்பு சுல்தானை எதிரே உட்காரவைத்து, கவர்னர் கிளைவின் உறவுக்காரப் பெண் அன்னா டோனெல்லி வரைந்த படம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. படம் அன்னாவுடையதுதான்; மற்றதெல்லாம் தவறு.

திப்பு 1799 மே 4 அன்றே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்துவிட்டார். அன்னா வரைந்தது 1800இல். படத்தில் திப்பு அமர்ந்திருக்கும் சிம்மாசனத்தைக்கூட அதற்குள் ஆங்கிலேயர் உடைத்துப் பங்கு போட்டுவிட்டார்கள். வேலூர் கோட்டையில் காவலில் இருந்தது அவருடைய குடும்பம்தான்.

சரி, அன்னா யார்? இத்தாலியின் ஃப்ளோரன்ஸ்காரர். பிறந்த வீட்டுப் பெயர் நிஸ்த்ரி. கணவர் வயலின் கலைஞர். அப்போது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் (ராபர்ட் கிளைவின் மகன்) மகள்களுக்குப் பாடம் சொல்லித்தர வந்தவர்; சொந்தக்காரர் இல்லை. தன் கைத்திறனால் பிழைத்த ஓவியரைப் பெரிய வீட்டு உறவாக்கிவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. படத்தைத் தாராளமாகப் பகிருங்கள். கீழே ‘அன்னா டோனெல்லி, 1800’ என்று போட்டால் போதும்.