கவர் லெட்டரைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்

தம்பி, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமோடு அனுப்பும் கடிதம்தான் கவர் லெட்டர். ‘அதை யாரும் படிப்பதில்லை, ரெஸ்யூமில் இருப்பதையே திருப்பி எழுதி எல்லா கம்பெனிக்கும் அனுப்புங்கள்’ என்கிறீர்கள். பாதிதான் சரி. கூட்டமாக ஆள் எடுக்கும் கேம்பஸ் தேர்வில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. ஆனால் பத்துப் பேர் உள்ள டீமில் அதைத் திறப்பது பல நேரம் உங்களோடு வேலை பார்க்கப்போகும் இன்ஜினியர்தான். கும்பகோணத்தில் இருந்தபடி நானும் அப்படிப் பார்க்கிறவன். ‘கடின உழைப்பாளி’ என்று ஆரம்பித்தாலே கண் தாண்டிவிடும்.

மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருவர், மும்முனை மின்சாரம் வந்ததும் வயல் மோட்டாரைத் தானாக ஓடவிடும் கருவி செய்ததை எழுதியிருந்தார். மின்சாரம் விட்டுவிட்டு வந்தபோது மோட்டார் நின்று நின்று ஓடியதாம். இரண்டு நிமிடத் தாமதம் வைத்துச் சரிசெய்தாராம். எங்கள் வேலையும் எம்பெடட் சி, அதாவது கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது. உடனே கூப்பிட்டுப் பேசினோம். ரெஸ்யூமில் அது வெறும் ‘மோட்டார் கன்ட்ரோலர் ப்ராஜெக்ட்’! விளம்பரத்தில் கேட்ட இரண்டு விஷயத்துக்கு இப்படிப் பதில் சொன்னால் போதும், அரைப் பக்கமே தாராளம்.

அப்புறம் அந்த ‘ஒரே கடிதம்’ யோசனை. வேறு கம்பெனியின் பெயரோடு எங்களுக்கே ஒன்று வந்திருக்கிறது. சிரித்துவிட்டு மூடிவிட்டோம்.